ஐரிஸ் கழற்றிய பூட்ஸ்

1

இந்தக் கதை எப்படி என்னிடம் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தேடிப் போகவில்லை. அதுவாகவே என் பேருந்தில் ஏறியது.

நான் ஓட்டுநராக இருந்த கடைசி வருடம் அது. மில் லேன் நிறுத்தத்தில், கழுத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கம்பளித் துண்டு சுற்றிய இரண்டு பேர் ஏறினார்கள். அன்றைக்கு எங்கள் ஊர்க் கால்பந்து அணி பிராக்கன்ஷா டவுன் தோற்றிருந்தது. தோற்ற நாளில் எங்கள் ஊரில் பழைய தோல்விகளைத் தோண்டுவார்கள்.

"எண்பத்தேழுல லண்டன்காரனைக் கவுத்திருப்போம்டா. எங்கப்பா சொல்லிச் சொல்லி மாய்வாரு. நம்ம பொம்பளையே நம்மளைக் கெடுத்தா."

"எந்தப் பொம்பளை?"

"பேரு தெரியல. பூட்ஸைப் புடுங்கிட்டுப் போனாளே, அவ."

அவள் அவர்களுக்கு இரண்டு இருக்கை முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு முட்டைக்கோஸ். என் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. முகம் சுருங்கவும் இல்லை. தாடையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். தன் நிறுத்தத்தில் இறங்கும்போது, "வரேன் கண்ணு" என்றாள், என்றைக்கும்போல.

அந்தத் தாடையை எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எழுத இத்தனை வருடம் ஆகிவிட்டது.

[இடைக்குறிப்பு: எங்கள் ஊரில் ரொட்டிக்கடைக்காரி முதல் நீதிபதி வரை எல்லோருக்கும் எல்லோரும் 'கண்ணு'தான். அதில் எனக்குச் சிக்கலில்லை. சிக்கல் நீ, நீங்கள். இவர்களின் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். யார் யாரை எப்படி அழைத்தார்கள் என்று தமிழில் நான்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பேருந்தில் அவர் எனக்கு 'அவர்'. கதைக்குள் 'அவள்' என்று எழுதினால்தான் பேனா ஓடுகிறது. ஐரிஸ், மன்னித்துவிடுங்கள்.]

2

தொடக்கங்களில் நான் கைவிட்டவை:

"மூடிய பருத்தி ஆலைகளின் நகரமான பிராக்கன்ஷாவில், பனி மூடிய ஒரு காலையில்—"

இல்லை. மூடிய, மூடிய. அதோடு, யாரையோ சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிற குரல் இது.

"ஐரிஸ் க்ளெக்குக்குக் கால்பந்து சுத்தமாகப் பிடிக்காது. ஆனால்—"

பொய். அந்த 'ஆனால்' வருவதற்காகவே சொன்ன பொய்.

"விபத்துப் பிரிவில் அவள் செவிலியாக இருந்த நாளில், தலையில் அடிபட்ட ஒரு பையன், ஒன்றுமில்லை என்று சிரித்தபடி எழுந்து வீட்டுக்குப் போனான். மறுநாள்—"

இதை மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஐரிஸ் வீட்டுக்குப் போய் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரு அந்தப் பையன்?"

"கற்பனைதான். நீங்க அன்னைக்கு அப்படிச் செஞ்சதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

"நான் படிச்சேன், பரீட்சை எழுதினேன், பாஸானேன். தலையில அடிபட்டா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். அது போதாதா உனக்கு? ஒரு ஆம்பளை டாக்டர் செஞ்சிருந்தா அவனுக்கும் ஒரு செத்த பையனைத் தேடிட்டுப் போவியா?"

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஆகவே காரணம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

ஐரிஸ் க்ளெக் பிராக்கன்ஷா டவுன் அணியின் உடல்சிகிச்சையாளர். ஆட்டக்காரன் விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறவள். லீகின் கடைசிப் படியான நான்காவது டிவிஷன் முழுவதிலும் அந்த வேலையில் ஒரு பெண் இருந்தது எங்களிடம் மட்டும்தான் என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம். அந்த ஆட்டம் வரைக்கும் பீற்றிக்கொண்டோம் என்று திருத்திக்கொள்கிறேன். அவளுடைய அண்ணன் வால்டர், ரொட்டிக்கடை வைத்திருந்தவன், ரசிகர்கள் நின்று பார்க்கிற மேற்குப் படிக்கட்டில் என் பக்கத்தில் நிற்பான். மனைவி போனபிறகு அவனுக்கு வாரத்தில் இரண்டே கடமைகள்: சனிக்கிழமை டவுன், ஞாயிற்றுக்கிழமை ஐரிஸ் வீட்டுச் சாப்பாடு.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு இரண்டு முகம் இருந்தது.

லீகில் அழுகை முகம். அந்த வருடம்தான் புது விதி வந்திருந்தது. நான்காவது டிவிஷனில் கடைசியாக வருகிறவன் லீகை விட்டே வெளியேற வேண்டும். அதற்கு முன்பெல்லாம் கெஞ்சிக் கூத்தாடித் தங்கிவிடலாம். நாங்கள் அக்டோபரிலிருந்தே அந்தப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

கோப்பையில் கல்யாண முகம். தோற்றவன் அங்கேயே வெளியேறுகிற எஃப்.ஏ. கோப்பையில் நவம்பரில் ஒரு பட்டாளத்து அணியை உதைத்தோம். டிசம்பரில் சேற்றில் புரண்டு இன்னொரு வெற்றி. ஜனவரியில், எங்களைவிட இரண்டு படி மேலே இருந்தவர்களை அவர்கள் ஊரிலேயே, பனி கொட்டக் கொட்ட, ஒன்றுக்குப் பூஜ்யம். நான்காவது சுற்றில் சமன். மறு ஆட்டத்தில் மூன்று கோல். ஒவ்வொரு சுற்றிலும் கோல் போட்டவன் நீல் பர்ட்விசில், எங்கள் நடு முன்வரிசைக்காரன். ஊர் அவனைப் 'பர்ட்டி' என்றது. நெட்டையன், காது இரண்டும் தட்டைப் போல, எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன். கோல் போட்டதும் ஓடிக் கொண்டாட மாட்டான். இடுப்பில் கை வைத்து, ஏதோ வாசல் பெருக்கி முடித்தவன்போல் நிற்பான்.

மேனேஜர் ஸ்டான் மெட்கால்ஃப் மட்டும் கோப்பையைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுவார். "கோப்பையைக் கழுவி டீ குடிக்கலாம். லீக் போச்சுன்னா டீக்கே வழியில்ல." வெளியே அப்படிச் சொல்வார். உள்ளே அவரும் எங்களைப்போல் கனவில்தான் இருந்தார். ஐந்தாவது சுற்றுக்குக் குலுக்கிப் போட்டபோது முதல் டிவிஷன் லண்டன் அணி ஒன்று எங்கள் மைதானத்துக்கு வருவதாக விழுந்தது. வானொலியில் அதைக் கேட்டு ஸ்டான் நாற்காலி மேல் ஏறி நின்றார் என்று ஐரிஸ் சொன்னாள்.

[அந்த லண்டன் அணியின் பெயர் இங்கே வராது. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நன்றாக ஆடினார்கள். எங்கள் ஊர் இறைச்சி அப்பத்தைக்கூட நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள்.]

4

பிப்ரவரி. தரை பாதி சேறு, பாதி உறைபனி. படிக்கட்டில் ஒருவன் மூச்சை இன்னொருவன் இழுக்கிற அளவுக்குக் கூட்டம். லண்டன்காரர்கள் முதல் பாதியில் ஒரு கோல் போட்டார்கள். நாங்கள் கத்துவதை நிறுத்தவில்லை.

இரண்டாம் பாதி நடுவில் பர்ட்டி அதைத் திருப்பினான். அந்தக் கோலை நான் இப்போது விவரிக்கப் போவதில்லை. கொஞ்சம் பொறுங்கள். ஒன்றுக்கு ஒன்று. வால்டர் என்னைக் கட்டிப்பிடித்தான், என் விலா எலும்பில் ஏதோ நொறுங்கியது, சட்டைப் பையிலிருந்த இறைச்சி அப்பமாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்டான் மாற்று ஆட்டக்காரர்கள் இருவரையும் இறக்கிவிட்டார். இனி யாராவது வெளியேறினால் பத்துப் பேர்தான்.

அப்போதுதான் ஒரு உயரப் பந்துக்குப் பர்ட்டியும் லண்டன் தடுப்பாட்டக்காரனும் ஒன்றாக எகிறினார்கள். மண்டையும் மண்டையும். அந்தச் சத்தம் படிக்கட்டின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பர்ட்டி விழுந்தான். ஐரிஸ் ஓடினாள்.

பிறகு நடந்ததை அவள் வாயாலும் பின்னாளில் ஸ்டான் வாயாலும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. அவன் உடனே எழுந்து நின்றான். அரங்கமே கைதட்டியது. அவள் அவனைக் கோட்டுக்கு வெளியே நடத்தி வந்து முகத்துக்கு நேராக நின்றாள்.

"பிரதமர் யாரு, கண்ணு?"

"யாரோ. நான் ஓட்டுப் போடலைங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும்கூடச் சிரித்துவிட்டாள்.

"எந்த ஊர்ல ஆடறோம்?"

"மூக்கைத் திறந்தாலே தெரியுதே. பிராக்கன்ஷா."

"ஸ்கோர் என்ன?"

"ஒண்ணு–பூஜ்யம். அவங்க முன்னாடி. விடுங்க, நான் போய்ச் சமன் பண்ணணும்."

அவள் சிரிப்பு நின்றது.

"சமன் ஆயிடுச்சு, நீல். ஒண்ணுக்கு ஒண்ணு."

"அப்படியா?" அவன் முகம் மலர்ந்தது. "யாரு போட்டா?"

ஐரிஸ் அவன் காலருகே குனிந்தாள்.

"அவனை அனுப்பு, க்ளெக்!" ஸ்டான் கத்தினார். "நிக்கிறான்ல! பேசறான்ல! தண்ணியைத் தெளிச்சு உள்ள விடு!"

"முடியாது."

"நான் மேனேஜர்!"

"நீங்க மேனேஜர். நான் இதுக்குத்தான் இருக்கேன்."

அதற்குள் அவள் அவனுடைய இடது பூட்ஸின் நாடாவை அவிழ்த்துவிட்டிருந்தாள். அவன் குழந்தைபோல் காலைத் தூக்கிக் கொடுத்தான். கழற்றிய பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "ஏய், என்ன பண்ற நீ? குடு! என் பூட்ஸைக் குடுடி!"

[அந்த ஒரு தடவைதான் அவன் அவளை 'டி' போட்டான் என்று நான் தீர்மானித்திருக்கிறேன்.

இன்னொன்று. பூட்ஸை அவள் மதில் தாண்டிக் கால்வாயில் வீசினாள் என்று பாதி ஊர் இன்றும் சத்தியம் செய்யும். கதைக்கு அதுதான் அழகு. ஆனால் அவள் வீசவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். சேறு அவள் சட்டை முழுக்க அப்பியிருந்தது.]

பத்துப் பேர். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் லண்டன்காரர்களுக்கு ஒரு கார்னர், மூலையிலிருந்து உள்ளே அடிக்கிற பந்து. எங்களுக்கு எதிராகக் கார்னர் வந்தால் பர்ட்டி பின்னால் ஓடிவந்து கோலின் முதல் கம்பத்தருகில் நிற்பான். அந்தப் பக்கம் வருகிற பந்தெல்லாம் அவன் நெற்றியில் பட்டுத் திரும்பிப் போகும். அன்றைக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை. பந்து சரியாக அங்கேதான் வந்தது.

இரண்டுக்கு ஒன்று.

5

மருத்துவமனையில் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

இந்த வரியை எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. 'மூளையில் ஒரு கீறல்' என்று எழுதினால் போதும், கதை தானாக நிமிர்ந்து நின்றுவிடும். ஆனால் மருத்துவர் சொன்னது, "மூணு வாரம் ஓய்வு. ஆடியிருந்தா ஏதாவது ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம்" என்பதுதான்.

ஊருக்கு அந்த 'ஆகாமலும்' போதுமாக இருந்தது.

கசாப்புக் கடையில் அவளுக்குப் பேச்சில்லாமல் இறைச்சி கட்டிக் கொடுத்தார்கள். லீக் ஆட்டங்களில் யாராவது விழுந்து அவள் ஓடினால், படிக்கட்டு முழுக்க ஒரே பாட்டு: "பூட்ஸைக் குடு! பூட்ஸைக் குடு!" நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். பர்ட்டி இல்லாத அந்த வாரங்களில் பள்ளத்துக்குள்ளேயே விழுந்து கடைசி இடத்துக்கு வந்துவிட்டோம். இப்போது அதுவும் அவள் கணக்கில் ஏறியது.

ஸ்டான் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. அவளோடு பேசவும் இல்லை.

வால்டர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போவதை நிறுத்தினான். "நம்ம ஜென்மத்துல ஒரே ஒரு தடவை" என்று என்னிடம் சொல்வான். வாக்கியம் அதற்கு மேல் போகாது. பின்னாளில் ஐரிஸ் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவன் பங்கு உருளைக்கிழங்கையும் நானே தின்னேன், கண்ணு. பாவாடையெல்லாம் இறுகிப் போச்சு." ஒரு ஆட்டத்துக்கும் அவள் வராமல் இருந்ததில்லை. அந்தப் பாட்டுக்குள்தான் ஓடினாள், வழக்கமான வேகத்தில். வேகமாக ஓடினால் பயந்தவள்போல் இருக்கும், மெதுவாக ஓடினால் வேலைக்குத் துரோகம் என்றாள்.

6

இங்கே இரண்டு மாற்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அவள் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கிறாள். பர்ட்டி போகிறான். கார்னர் பந்து அவன் நெற்றியில் பட்டுத் திரும்புகிறது. மறு ஆட்டம் லண்டனில். நாங்கள் எல்லோரும் ரயில் ஏறுகிறோம், வால்டர் கூடை நிறைய ரொட்டி எடுத்து வருகிறான், அங்கே—

இரண்டாவது: அவள் திருப்பிக் கொடுக்கிறாள். பர்ட்டி போகிறான். பந்து அவன் நெற்றியில் படுகிறது. அவன் எழவேயில்லை. அரங்கம் உறைகிறது. அப்போது ஊர் தெரிந்துகொள்கிறது—

இரண்டாவதை ஐரிஸிடம் பெருமையோடு சொன்னேன். அவளுக்காகவே எழுதியது அது. அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைச் சரின்னு காட்டறதுக்கு அவனைச் சாகடிக்கிறியா?"

"நெசத்துல இல்லையே. கதையிலதானே."

"கதையிலயும் வேண்டாம். நான் அவன் பூட்ஸைக் கழட்டினது அவன் விழக் கூடாதுன்னுதான். நீ இப்போ திரும்ப மாட்டிவிட்டு விழ வைக்கிற. ஒண்ணும் ஆகலை பாரு, அதுதான் எனக்கு வேணும். ஒண்ணும் ஆகாத ஒருத்தன் வீட்டுக்குப் போனான். அதுக்காக ஊர் என்னைத் திட்டுச்சு. திட்டட்டுமே."

தாடை உயர்ந்தது.

எழுதுகிற வேலையைப் பற்றி அதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் எடுத்ததில்லை. இரண்டு முடிவுகளையும் அரைகுறையாகவே விட்டுவிட்டேன். மேலே பார்த்தீர்களே.

7

பர்ட்டி திரும்ப ஆட வந்த வாரத்தில், கால் தசையை நீவிவிட்டுக்கொள்ள அவள் மேசையில் படுத்திருந்தான். அதுவரை இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு கேட்டான்:

"அந்தக் கோல் எப்படி இருந்துச்சுங்க?"

"எந்தக் கோல்?"

"நான் போட்டதுதான். எல்லாரும் சொல்றாங்க. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டறேன். எனக்கு அது இல்லவே இல்ல, ஐரிஸ். இடைவேளையில தேநீர் குடிச்சது இருக்கு. அப்புறம் நீங்க என் காலைப் புடிச்சிட்டிருந்தீங்க. நடுவுல ஒண்ணுமே இல்ல."

அவள் நீவுவதை நிறுத்தினாள். சொல்ல முயன்று பார்த்தாள்.

"நீ வலது பக்கமா ஓடினே. இடது முழங்காலை லேசா இழுத்து வெச்சே, அந்தப் பழைய வலி. அப்புறம் குதிகால் நல்லா ஊனுச்சு. அப்புறம் சத்தம் கேட்டுச்சு."

"பந்து?"

"பந்தை நான் பார்க்கலை, கண்ணு. உன் முழங்காலைத்தான் பார்த்துட்டிருந்தேன். பந்தைப் பத்திக் கேக்கணும்னா வால்டர்கிட்டப் போ. நான் அனுப்பினேன்னு சொல்லாதே."

அன்று மாலை நானும் வால்டரும் வழக்கமாக உட்காருகிற மதுக்கடைக்குப் பர்ட்டி வந்தான். குனிந்துதான் வாசலில் நுழைய முடிந்தது. எங்கள் மேசையில் உட்கார்ந்து, "அந்தக் கோலைச் சொல்லுங்க" என்றான்.

வால்டருக்கு அதைவிட இன்பம் உலகத்தில் இல்லை. உப்புக் குப்பி லண்டன் தடுப்பாட்டக்காரன், மிளகுக் குப்பி கோல்கீப்பர், என் இறைச்சி அப்பம் பர்ட்டி. "நீ இங்க பந்தை வாங்குறே. முதுகு கோலுக்கு. உப்பு உன் மேல ஏறி நிக்கிறான். எல்லாரும் திருப்பிக் குடுப்பேன்னு நினைக்கிறாங்க. நீ குடுக்கலை! காலுக்கடியில உருட்டிவிட்டு ஒரு சுத்து, உப்பு அந்தப் பக்கம் போயிட்டான், அவன் அப்பனுக்கே அவன் எங்க போனான்னு தெரியாது! மிளகு வெளிய ஓடி வரான். நீ அவசரப்படலை. டேய், நீ அவசரமே படலைடா! அவன் விழுற வரைக்கும் நின்னே. அப்புறம் மெதுவா, சட்டியில முட்டை உடைச்சு விடற மாதிரி, மூலையில." வால்டர் கண்ணில் தண்ணீர். "இடுப்புல கை வெச்சு நின்னே. ஞாபகம் இருக்கில்ல?"

"இல்லைங்க."

"என்ன இல்ல?"

"ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அதான் கேக்க வந்தேன். இன்னொரு தடவை சொல்றீங்களா?"

வால்டர் உப்புக் குப்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் அப்போது நடந்ததை விவரிக்க நான் மூன்று உவமைகள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். குப்பிகளை மறுபடி வரிசையாக வைத்தான். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு அடியாக, ஒன்றும் விடாமல் சொன்னான்.

8

மே மாதம். கடைசி ஆட்டம். வென்றால் லீகில் இருப்போம். சமன் என்றால்கூட வெளியே.

பர்ட்டி வெற்றிக் கோல் போட்டான் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. போடவில்லை. எங்கள் முதல் கோல் ஒரு பெனால்டி. எதிரணி ஒன்று திருப்பியது. அதன்பிறகு எங்கள் கோல்கீப்பர் எதிரணிக்காரன் ஒருவனுடைய முழங்காலில் இடித்து விழுந்தான், தலையைப் பிடித்துக்கொண்டு. ஐரிஸ் பையோடு ஓடினாள். படிக்கட்டில் எங்கோ தொடங்கியது: "பூட்ஸைக் குடு—"

வால்டர் திரும்பினான். ரொட்டி மாவு பிசைந்த கை இரண்டும் காற்றில்.

"வாயை மூடுங்கடா! அவ வேலையைப் பார்க்க விடுங்க!"

பாட்டு நின்றது. முழு மைதானமும் நின்றது. ஸ்டான் கோட்டருகில் வந்து, ஒன்றும் கத்தாமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கோல்கீப்பரின் கண்ணைப் பார்த்தாள், கேள்விகள் கேட்டாள், பதில்களைக் கேட்டாள், மறுபடி கேட்டாள். அவசரமே படவில்லை. பிறகு எழுந்து ஸ்டானைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆடலாம். அவர் பதிலுக்குத் தலையசைத்தார். அதற்குப் பிறகு எழுந்த கைதட்டல், அந்தப் பருவத்தில் எந்தக் கோலுக்கும் எழாதது. கோல்கீப்பருக்குத்தான் தட்டுகிறார்கள் என்று அவள் நினைத்ததாகச் சொன்னாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

வெற்றிக் கோல் எங்கள் இடது தடுப்பாட்டக்காரன் போட்டது. கோல் முன்னால் நின்றவர்களுக்குத் தூக்கிக் கொடுக்க நினைத்த பந்து, காற்றில் வளைந்து உள்ளே போய்விட்டது. அவன் இன்றுவரை வேண்டுமென்றே அடித்ததாகச் சொல்கிறான். அதை மறுக்கிற ஆள் பிராக்கன்ஷாவில் கிடையாது. நாங்கள் லீகில் இருந்தோம். இன்னும் இருக்கிறோம்.

ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. பர்ட்டியைத் தோளில் தூக்கினார்கள், ஸ்டான் அழுதார். வால்டர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. தடுப்பைத் தாண்ட முடியாமல் தாண்டி, சேற்றில் ஒரு தடவை சறுக்கி, பெஞ்சுக்குப் போனான். ஐரிஸ் பையில் பஞ்சையும் கட்டுத் துணியையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவள் முன்னால் நின்றான். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக, அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இருவரும், பையின் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போனார்கள்.

அந்த வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியும். ஐரிஸ் சொன்னாள், எழுத மாட்டேன் என்று என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டு. நாற்பது வருடம் கெட்டிக்காரத்தனமாக வண்டி ஓட்டிய நான், கதையைச் சரியாக வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இறங்கி நடக்க வேண்டியது நீங்கள்.

வால்டரின் வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சில நிபந்தனைகள் மட்டும். அது சின்னதாக இருக்க வேண்டும், அவன் ரொட்டிக்கடைக்காரன். அதில் மன்னிப்பு என்ற சொல் வரக் கூடாது. எங்கள் ஊரில் அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கமில்லை. 'நீ செஞ்சதுதான் சரி' என்றும் வேண்டாம். அது அவளுக்கே தெரியும், அவனிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை.

எழுதியதை அவளிடம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தாடை உயர்ந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். சிரித்தாளானால், அதுதான்.